டாக்கருக்கும் பாரிஸுக்கும் இடையே: செனகல் கால்பந்து அணி யாருடைய அணி?

பாரிஸ் நகரின் வடக்கே, லாச்சப்பல் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மரக்கறிக் கடைகளும் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைந்த அந்தப் பகுதியிலிருந்து மேம்பால ரயில் பாதையை ஒட்டி பார்பெஸ் வரை சென்று, வடக்கே திரும்பி நடந்தால் சில நிமிடங்களில் ஷாட்டோ ரூஜ் வந்துவிடுகிறது. அங்கே கடைப் பலகைகளும் பேச்சும் மாறிவிடுகின்றன. வொலோஃப், பம்பாரா, சொனின்கே மொழிகள் காதில் விழும். வாழைக்காயும் மரவள்ளிக் கிழங்கும் இரு பகுதிகளிலும் விற்கப்படுகின்றன, வாங்குவோர்தான் வேறு.

2002 ஆம் ஆண்டு மே 31 ஆம் தேதி இந்தப் பகுதியில் இருந்தவர்கள் அந்தப் பிற்பகலை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். தென் கொரியத் தலைநகர் சோலில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், நடப்பு உலகச் சாம்பியனும் ஐரோப்பியச் சாம்பியனுமான பிரான்ஸை, உலகக் கோப்பையில் முதன்முறையாகக் களமிறங்கிய செனகல் ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. 30 ஆவது நிமிடத்தில் பாப்பா பூபா தியோப் அடித்த கோல் அது. தனது சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பத்தின் அருகே தரையில் விரித்து, சக வீரர்களுடன் அதைச் சுற்றி அவர் ஆடிய நடனம் உலகெங்கும் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. செனகல் அதிபர் அப்துலாயே வாத் நாட்டில் விடுமுறை அறிவித்தார். பாரிஸில் செனகல் மக்கள் வாழும் பகுதிகளில் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள்.

முன்னாள் காலனி தன்னை ஆண்ட நாட்டை வென்றது என்றே அந்த ஆட்டம் அப்போது வருணிக்கப்பட்டது. அது தவறல்ல. ஆனால் இரு அணிகளின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தால், விஷயம் அவ்வளவு நேரானதாக இல்லை. அன்று களமிறங்கிய செனகல் வீரர்கள் 11 பேரும் பிரான்ஸ் நாட்டுக் கழகங்களுக்கு ஆடி வந்தவர்கள். பிரான்ஸ் அணியின் 11 பேரில் பிரெஞ்சுக் கழகம் ஒன்றுக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் மார்செய் வீரர் பிராங் லெபஃப் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஆடினார்கள். பிரான்ஸின் நடுக்களத்தில் நின்ற பத்ரிக் வியேரா பிறந்த ஊர் டாக்கர். செனகலின் பயிற்சியாளர் புருனோ மெட்சு ஒரு பிரெஞ்சுக்காரர். செனகல் குழுவில் இடம்பெற்றிருந்த ஹபிப் பெய் பாரிஸின் புறநகரான சுரேனில் பிறந்தவர்.

எந்த அணி பிரெஞ்சு அணி, எந்த அணி ஆப்பிரிக்க அணி என்ற கேள்வி அன்று வேடிக்கையாகவே கேட்கப்பட்டது. கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அது வேடிக்கையான கேள்வியாக இருக்கவில்லை.

தந்தையும் மகனும்

இந்தக் கதையின் தொடக்கம் சுதந்திரத்துக்கு முன்பே இருக்கிறது. செனகலில் செயின்ட் லூயி, கோரே, டாக்கர், ரூஃபிஸ்க் ஆகிய நான்கு நகரங்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் பிரெஞ்சு ஆட்சி சில அரசியல் உரிமைகளை அளித்திருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை அவற்றுள் ஒன்று. புதுச்சேரி, காரைக்கால் வரலாறு அறிந்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. மூன்றாம் குடியரசின் காலத்தில் பிரெஞ்சிந்தியாவும் அதே அவைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. இவ்விரு காலனிகளுக்கும் அதைவிடப் பழைய தொடர்பும் உண்டு. புதுச்சேரியில் நெய்து நீலச் சாயமிடப்பட்ட துணி, செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்குவதற்குப் பணம் போலவே பயன்பட்டது.

1914 இல் செனகலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிளேஸ் தியாஞ், பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். நான்கு நகரத்தாரின் குடியுரிமையை 1916 இல் சட்டமாக்கியவர் அவர். அதே மனிதர்தான் 1918 இல் மேற்கு ஆப்பிரிக்காவெங்கும் சென்று பிரான்ஸின் போர்முனைக்குப் பல்லாயிரம் இளைஞர்களைத் திரட்டினார். அவரைப் பற்றிய மதிப்பீடு செனகலில் இன்றும் ஒருமித்ததாக இல்லாததற்கு அதுவே காரணம்.

அவருடைய மகன் ரவுல் தியாஞ் கால்பந்து வீரரானார். பாரிஸின் ரேசிங் கழகத்துக்கு ஆடிய அவர், 1931 இல் பிரான்ஸ் தேசிய அணியின் முதல் கறுப்பின வீரராகக் களமிறங்கினார். அதே ஆண்டில்தான் பாரிஸின் வான்சென் பூங்காவில் மாபெரும் காலனியக் கண்காட்சி நடைபெற்றது. காலனிகளின் மக்களைக் காட்சிப்பொருள்களாக நிறுத்திய அந்தக் கண்காட்சியின்போது, காலனிகளுக்கான துணை அமைச்சர் பதவியில் இருந்தவர் பிளேஸ் தியாஞ். தந்தை அமைச்சரவையில், மகன் தேசிய அணியில், அவர்கள் நாட்டு மக்கள் கண்காட்சி அரங்கில். பிரெஞ்சுக் காலனியத்தின் முரண்பாட்டை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ரவுல் தியாஞ் 1938 இல் பிரான்ஸில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். செனகல் 1960 இல் சுதந்திரம் பெற்ற பின்னர், அதன் தேசிய அணியின் முதல் பயிற்சியாளர்களில் ஒருவரானார். 1963 இல் டாக்கரில் நடைபெற்ற நட்புறவு விளையாட்டுப் போட்டிகளில், அவருடைய அணி பிரான்ஸின் தொழில்முறை சாராத அணியைத் தோற்கடித்துப் பட்டத்தையும் வென்றது. 2002 இன் வெற்றி முதலாவது அல்ல என்று செனகலில் மூத்தவர்கள் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான். சோல் ஆட்டம் நடந்த அதே ஆண்டின் நவம்பரில், பாரிஸின் புறநகரான கிரெத்தேயில் ரவுல் தியாஞ் காலமானார்.

நீண்ட காத்திருப்பு

1965 இல் ஆப்பிரிக்கக் கோப்பையில் நான்காம் இடம் பெற்றதைத் தவிர, அடுத்த இருபது ஆண்டுகளில் செனகல் அணியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 1968 க்குப் பின் 1986 வரை அது ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. மீட்சி ஜூல் பொக்காந்தேயுடன் தொடர்புடையது. மெட்ஸ் கழகத்துக்கு ஆடிய அவர், 1985-86 பருவத்தில் 23 கோல்களுடன் பிரெஞ்சு முதல் பிரிவில் அதிக கோல் அடித்தவரானார். பின்னர் பாரிஸ் சேன் ஜெர்மன் அணிக்கு வந்தார். ஆயினும் ஒரு நட்சத்திரத்தால் ஓர் அணி உருவாகிவிடாது. 1992 இல் போட்டியைத் தன் நாட்டிலேயே நடத்தியபோதும் செனகல் காலிறுதியைத் தாண்டவில்லை.

2000 இல் பொறுப்பேற்ற மெட்சு, பிரான்ஸின் சிறிய கழகங்களில் பெயர் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த செனகல் இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். பாரிஸ் புறநகர்களில் வளர்ந்த இவர்களுக்கு, செனகல்-பிரெஞ்சு என்ற இரு சொற்களையும் ஒட்டி ‘செனெஃப்’ என்ற பெயர் வழங்கியது. அதில் சற்றுக் கேலியும் இருந்தது. டாக்கரில் அவர்கள் வெளிநாட்டார். பாரிஸில் குடியேறிகளின் பிள்ளைகள். லாச்சப்பல் கடைவீதியில் பெற்றோருடன் வரும் தமிழ் இளைஞர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

அந்த அணியின் தலைவர் அலியூ சிஸ்ஸே. தென் செனகலின் சிகின்ஷோரில் பிறந்து, ஒன்பது வயதில் பாரிஸ் பகுதிக்கு வந்து, ஷாம்பிஞியில் வளர்ந்தவர். 2002 பெப்ரவரியில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம் பெனால்டி உதைகளால் முடிவு செய்யப்பட்டபோது, செனகலின் கடைசி உதையைத் தவறவிட்டவர் இவர். கோப்பை கமரூனுக்குச் சென்றது. அடுத்த சில மாதங்களில் உலகக் கோப்பையில் காலிறுதி வரை சென்ற பெருமை. செப்டம்பர் 26 ஆம் தேதி, சிகின்ஷோரிலிருந்து டாக்கருக்கு வந்துகொண்டிருந்த ‘ஜூலா’ என்ற அரசுப் பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. ஏற்றக்கூடிய அளவைவிடப் பல மடங்கு ஆட்களுடன் சென்ற அந்தக் கப்பலில் 1,800 க்கும் அதிகமானோர் இறந்தனர். சிஸ்ஸேயின் உறவினர்கள் பலரும் அவர்களில் அடங்குவர். ஒரே ஆண்டில் ஒரு மனிதருக்கும் ஒரு நாட்டுக்கும் நிகழ்ந்தவை இவை.

யார் யாரைத் தேர்ந்தெடுப்பது?

சோல் ஆட்டத்துக்கு நாற்பது நாட்களுக்கு முன்புதான், பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மாரி லெ பென் இரண்டாம் இடம் பெற்று இறுதிச் சுற்றுக்குச் சென்றிருந்தார். வெளிநாட்டு வேர்கள் கொண்ட வீரர்களைப் பிரான்ஸின் அணி என்று அழைப்பது செயற்கையானது என்று 1996 லேயே கூறியவர் அவர். அவரைக் கண்டித்தவர்கள் 1998 இன் உலகக் கோப்பை வெற்றியைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் குடியேறிகளின் பிள்ளைகள் பிரான்ஸுக்கு ஆடினால் பாராட்டுவதும், பெற்றோரின் நாட்டுக்கு ஆடினால் முகம் சுளிப்பதும் லெ பென்னின் எதிராளிகளிடமும் காணப்பட்ட ஒன்றே.

விதிகளும் மாறின. இளையோர் அணிகளில் ஒரு நாட்டுக்கு ஆடிய இரட்டைக் குடியுரிமையாளர், 21 வயதுக்குள் இன்னொரு நாட்டின் முதன்மை அணிக்கு மாறலாம் என்று 2004 இல் ஃபிஃபா அனுமதித்தது. அல்ஜீரியா கொண்டுவந்த முன்மொழிவின் பேரில் 2009 இல் அந்த வயது வரம்பும் நீக்கப்பட்டது. பிரான்ஸின் பயிற்சி மையங்களில் வளர்ந்து, பிரான்ஸின் இளையோர் அணிச் சட்டையையும் அணிந்த ஒருவர், பின்னர் செனகலுக்கோ மாலிக்கோ ஆடுவதற்கு வழி பிறந்தது.

இதற்கான எதிர்வினை விரைவில் வெளிப்பட்டது. பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்தின் உயரதிகாரிகளும் தேசியப் பயிற்சியாளர் லொரான் பிளாங்கும் 2010 நவம்பரில் நடத்திய ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவை, 2011 ஏப்ரலில் ‘மெதியாபார்’ செய்தித்தளம் வெளிக்கொணர்ந்தது. வேறு நாட்டுக்கு ஆடக்கூடிய சிறுவர்களின் எண்ணிக்கையைப் பயிற்சி மையங்களில் 30 சதவீத அளவில் மட்டுப்படுத்தலாமா என்று அங்கே பேசப்பட்டதாக அது தெரிவித்தது. பெரும் சர்ச்சை எழுந்தது. பிளாங் சட்டத்தை மீறவில்லை என்று விசாரணை முடிவு செய்தது; அவர் பதவியில் தொடர்ந்தார். ஒதுக்கீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் 12, 13 வயதுச் சிறுவன் ஒருவன் எதிர்காலத்தில் எந்த நாட்டுக்கு ஆடுவான் என்பதை அவனது பெயரையும் நிறத்தையும் வைத்து ஊகிக்கும் மனப்போக்கு அந்த அறையில் இருந்தது என்பது பதிவாகிவிட்டது.

அந்த அதிகாரிகளின் வாதம் எளிமையானது: பயிற்சியளிக்கும் செலவு பிரான்ஸுடையது, பயன் வேறு நாட்டுக்கு. இந்தக் கணக்கு பாதியை மட்டுமே காட்டுகிறது. பிரான்ஸின் முதன்மை அணிக்குத் தேர்வாவோர் மிகச் சிலர். அழைப்பு கிடைக்காத நூற்றுக்கணக்கானோர் பெற்றோரின் நாட்டுக்கு ஆடுவதால் பிரான்ஸ் எதையும் இழப்பதில்லை. மறுபுறம், செனகலில் உருவாகும் வீரர்கள் ஐரோப்பாவுக்கு வரும்போது லாபம் எந்தப் பக்கம் தங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சாதியோ மானேயை எடுத்துக்கொள்ளலாம். தென் செனகலின் பம்பாலி என்ற சிற்றூரில் பிறந்த அவர், டாக்கர் அருகிலுள்ள ‘ஜெனராசியோன் ஃபுட்’ பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, அதனுடன் கூட்டு வைத்திருந்த மெட்ஸ் கழகத்துக்கு 2011 இல் வந்தார். இஸ்மாயிலா சார், பாப் மத்தார் சார் போன்றோர் பின்னாளில் அதே பாதையில் வந்தனர். இப்படி வரும் வீரரை வளர்த்து இங்கிலாந்துக்கு விற்பது மெட்ஸ் போன்ற நடுத்தரக் கழகங்களின் வருமானத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஒரு வீரர் விலைபோகும்போது, தொகையில் 5 சதவீதம் வரை அவர் 12 முதல் 23 வயதுவரை பயின்ற கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. மீதிப் பெரும் தொகை விற்பவருக்கு. டாக்கரின் மணல் மைதானங்களில் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேருவது அற்பம்.

சேரும் இடத்தில் ஒருவருக்கு வாழ்வு கிடைக்கிறது. சேராதவர்கள் பலர். ஐரோப்பியக் கழகம் ஒன்றில் சேர்த்துவிடுவதாகக் கூறும் முகவர்களுக்குக் குடும்பத்தின் சேமிப்பைக் கொடுத்து, பாரிஸ் ரயில் நிலையங்களில் கைவிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்களின் கதை ஒன்றிரண்டல்ல. இவர்களுக்கு உதவுவதற்காக, முன்னாள் கமரூன் வீரர் ழான் குளோத் எம்வூமன் 2000 இல் பாரிஸ் பகுதியில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 18 வயதுக்குக் குறைந்தோரை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா 2001 இல் சில விலக்குகளுடன் தடை செய்தது. தடை கழகங்களைக் கட்டுப்படுத்தியது. போலி முகவருக்கும் சுற்றுலா விசாவுக்கும் அது பொருந்துவதில்லை. ஐரோப்பாவுக்கு ஆளனுப்பும் முகவர்களிடம் நிலத்தையும் நகையையும் விற்றுக் கொடுத்த அனுபவம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கும் உண்டு.

டாக்கரில் பிறந்து பிரான்ஸுக்கு ஆடிய வியேராவே, முன்னாள் வீரர்கள் சிலருடன் இணைந்து செனகலின் சாலி நகரில் ‘ஜாம்பார்’ என்ற பயிற்சி நிலையத்தை 2003 இல் நிறுவினார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. கால்பந்தோடு பள்ளிக் கல்வியையும் வலியுறுத்தும் நிலையம் அது. பாரிஸ் சேன் ஜெர்மன் அணியின் நடுக்களத்தில் பின்னாளில் ஆடிய இத்ரிசா கானா கெய் அங்கிருந்து வந்தவர்.

யவுண்டே, 2022

2015 இல் செனகலின் பயிற்சியாளரான அலியூ சிஸ்ஸே, இந்த இரு ஓட்டங்களையும் ஒன்று சேர்த்தார். ஒன்று, செனகலின் பயிற்சிக்கூடங்களிலிருந்து வந்தது. மற்றது, பிரான்ஸின் புறநகர்களிலும் சிறு நகரங்களிலும் பிறந்தது. கிழக்கு பிரான்ஸின் சேன் தியே நகரில் பிறந்த கலிது கூலிபாலி, 2011 இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு ஆடியவர். 2015 இல் செனகலைத் தேர்ந்தெடுத்துப் பின்னர் அதன் தலைவரானார். நோர்மண்டியில் பிறந்த கோல்காப்பாளர் எதுவார் மென்டி, 22 வயதில் எந்தக் கழகமும் இல்லாமல் வேலையற்றோர் பதிவேட்டில் பெயர் பதிந்திருந்தவர். 2021 இல் செல்சி அணியுடன் ஐரோப்பியச் சாம்பியனானார்.

முடிவுகள் உடனே வரவில்லை. 2018 உலகக் கோப்பையில், ஜப்பானுடன் புள்ளிகளும் கோல்களும் சமமாக இருந்தும், மஞ்சள் அட்டைகள் அதிகம் பெற்றதால் செனகல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த விதியால் உலகக் கோப்பையிலிருந்து வெளியேறிய முதல் அணி அதுவே. 2019 இல் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் அல்ஜீரியாவிடம் தோல்வி.

2022 பெப்ரவரி 6 ஆம் தேதி, கமரூனின் யவுண்டே நகரில் எகிப்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் மானே ஏழாவது நிமிடத்திலேயே ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். கூடுதல் நேரத்திலும் கோல் விழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பமாக்கோவில் நடந்ததைப் போலவே பெனால்டி உதைகள். அப்போது தவறவிட்டவர் இப்போது பயிற்சியாளராக ஓரத்தில் நின்றார். கடைசி உதையை மானே கோலாக்கினார். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் செனகல் தன் முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அன்று ஆட்டத்தைத் தொடங்கியவர்களில் கோல்காப்பாளரும் நான்கு தற்காப்பு வீரர்களில் மூவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள். மானேயும் கானா கெய்யும் செனகல் மண்ணில் உருவானவர்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பை இல்லை.

தோற்றிருந்தால் பிரான்ஸில் பிறந்தவர்கள் மீதே முதல் பழி விழுந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றி பெறும்வரை அவர்கள் ‘செனெஃப்’ தான்.

இந்தக் கேள்வி மேற்கு ஆப்பிரிக்காவோடு நின்றுவிடவில்லை. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத இந்தியா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரைத் தன் அணியில் சேர்க்க முடிவதில்லை. மொரிசியஸ் வழிவந்த இந்தியக் குடும்பத்தில் பிறந்த விகாஷ் தோராசு, 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் குழுவில் இருந்தார். இலங்கை அணி அண்மைய ஆண்டுகளில் ஐரோப்பாவில் வளர்ந்த வீரர்களை அழைக்கத் தொடங்கியிருக்கிறது. புலம்பெயர் தமிழ் இளைஞர்களைக் கொண்ட ‘தமிழீழம்’ அணி 2012 முதல், ஃபிஃபாவின் அங்கீகாரம் பெறாத அணிகளுக்கான சர்வதேசப் போட்டிகளில் ஆடியிருக்கிறது. பாரிஸ் புறநகர் ஒன்றில் பிறந்த தமிழ்ச் சிறுவன் எந்தச் சட்டையை அணிவது என்ற கேள்விக்கு இந்த நான்கு பதில்களும் நான்கு திசைகளைக் காட்டுகின்றன.

சிஸ்ஸேயின் பணிக்காலம் 2024 இல் முடிவுற்றது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பாப் தியாவும் 2002 குழுவில் இருந்தவரே. 2025 நவம்பரில் அவர் அணிக்கு அழைத்தவர்களில் ஒருவர் பாரிஸ் சேன் ஜெர்மன் வீரர் இப்ராஹிம் எம்பாயே, வயது 17. பாரிஸுக்கு மேற்கேயுள்ள திராப் நகரில் பிறந்தவர். தந்தை செனகலைச் சேர்ந்தவர், தாய் மொரோக்கோவைச் சேர்ந்தவர். பிரான்ஸின் இளையோர் அணிகளில் ஆடியவர். மூன்று நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் செனகலுக்காக முதல் ஆட்டத்தை ஆடிய மூன்று வாரங்களுக்குள் 2026 உலகக் கோப்பைக்கான குலுக்கல் நடந்தது. பிரான்ஸும் செனகலும் மீண்டும் ஒரே குழுவில் விழுந்தன.